சான்-தெனி மடாதிபதி சுஜேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுஜேர் யார்?

பாரிசுக்கு வடக்கே இருந்த சான்-தெனி பெனடிக்டின் மடத்தை 1122 முதல் 1151 வரை நடத்தியவர். ஏறத்தாழ 1081-ல் பிறந்தார். பெரிய குடும்பத்துப் பிள்ளை இல்லை. பத்து வயதில் பெற்றோர் அவரை மடத்துக்கு நேர்ந்துவிட்டார்கள். அங்கேயே படித்து, எழுத்தராகி, மடத்து நிலங்களின் மேலாளராகி, மடாதிபதியானார். ஆறாம் லூயிக்கும் ஏழாம் லூயிக்கும் ஆலோசகராக இருந்தார். ஏழாம் லூயி சிலுவைப்போருக்குப் போயிருந்தபோது நாட்டையே பார்த்துக்கொண்டார். இடையில் மடத்து ஆலயத்தின் மேற்கு முகப்பையும் கிழக்குப் பீடப்பகுதியையும் புதிதாகக் கட்டினார். கூர்வளைவும் பெரிய சாளரங்களும் கொண்ட கோதிக் கட்டடப் பாணியின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கிழக்குப் பகுதியிலிருந்துதான் தொடங்கப்படுகிறது.

அரசியல் சுஜேர், கட்டடக்கலை சுஜேர் என்று பாடநூல்கள் இவரை இரண்டு பேராக்கிவிடுகின்றன. அப்படிப் பிரித்தால் இரண்டுமே புரியாது. மடத்தின் உரிமை, மடத்தின் வருமானம், மடத்துப் புனிதரின் பெருமை ஆகிய மூன்றையும் பெருக்குவதுதான் அவருடைய ஒரே வேலை. அரசரும் ஆலயமும் அந்த வேலைக்குள் வருகிறார்கள்.

ஒரு மடத்துக்கு அவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது?

மூன்றாம் நூற்றாண்டில் வேதசாட்சியாக இறந்த பாரிசின் முதல் ஆயர் தெனியின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. 639-ல் இறந்த மன்னர் தகோபேரும் அதன் பிறகு பல அரசர்களும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்கள். கல்லறைகள் இருக்கும் இடத்தில் அரச குடும்பத்தின் காணிக்கைகளும் நிலக்கொடைகளும் சேரும்.

ஆனால் இது தானாக நிலைத்த உரிமை இல்லை. 1108-ல் இறந்த முதலாம் பிலிப், லுவார் நதிக்கரையில் உள்ள ஃப்ளெரி மடத்தில் தன்னை அடக்கம் செய்யச் சொன்னார். மடத்துக்கு அது பெரிய அடி. சுஜேரின் காலத்து முயற்சிகள் பலவற்றுக்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கிறது: அரசர்கள் வேறு புனிதரைத் தேடிப் போய்விடக் கூடாது.

இன்னொரு குழப்பமும் மடத்துக்கு உதவியது. பாரிசின் தெனி, ஏதென்சில் பவுலால் மனம் திரும்பிய தியொனீசியு, ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டு வாக்கில் அந்தப் பெயரில் கிரேக்கத்தில் எழுதிய இறையியலாளர் ஆகிய மூவரும் ஒருவரே என்று ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து மடம் சொல்லி வந்தது. அந்த நூல்களின் கிரேக்கப் பிரதி ஒன்று 827-ல் பைசாந்தியப் பேரரசரின் பரிசாக வந்திருந்தது. அப்போஸ்தலரின் சீடரே நம் புனிதர் என்றால் மதிப்பு எங்கேயோ போய்விடும் அல்லவா?

அரசியலுக்குள் எப்படி வந்தார்?

நிலத் தகராறு வழியாக.

அன்றைய பிரெஞ்சு அரசரின் நேரடி ஆட்சி பாரிசையும் ஓர்லியானையும் சுற்றிய சிறு பகுதிதான். அதற்குள்ளேயே கோட்டை வைத்திருந்த பிரபுக்கள் வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள். பாரிசுக்குத் தெற்கே மோன்லெரி கோபுரத்தைக் காட்டி, "இந்தக் கோபுரம்தான் என்னைக் கிழவனாக்கியது, இதை விட்டுவிடாதே" என்ற கருத்தில் முதலாம் பிலிப் தன் மகனிடம் சொன்னதாக சுஜேரே பதிந்திருக்கிறார்.

1107-ல் லா ஷாரித்தே நகரில் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கால் முன்னிலையில் பாரிஸ் ஆயருக்கு எதிராக மடத்தின் உரிமையை வாதாடியபோது சுஜேருக்கு வயது இருபத்தைந்து சொச்சம். அடுத்து போஸ் சமவெளியில் உள்ள தூரி என்ற ஊரின் நிர்வாகம் அவரிடம் வந்தது. நல்ல கோதுமை நிலம். ஆனால் பக்கத்துக் கோட்டை லெ ப்யுசேயின் பிரபு ஹ்யூகு விளைச்சலை வாரிக்கொண்டு போனார். குடியானவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஆறாம் லூயியின் ஆணைப்படி சுஜேர் தூரிக்கு அரண் அமைத்தார். 1111-ல் அரசர் அங்கிருந்து கிளம்பி லெ ப்யுசேயைப் பிடித்து இடித்தார். ஹ்யூகு மறுபடி கட்டினார், மறுபடி இடிபட்டது. 1118-ல்தான் விவகாரம் முடிந்தது.

அரசரின் படையும் மடத்தின் களஞ்சியமும் ஒன்றையொன்று காப்பாற்ற முடியும் என்பதை சுஜேர் கண்டுகொண்ட இடம் இது.

1122-ல் மடாதிபதியானபோது சிக்கல் வந்தது உண்மையா?

உண்மை. அவர் இத்தாலியில் திருத்தந்தையிடம் தூது போயிருந்தார். திரும்பும் வழியில்தான் மடாதிபதி ஆதாம் இறந்த செய்தியும், துறவிகள் தன்னையே தேர்ந்தெடுத்த செய்தியும் எட்டின. அரசரின் முன் அனுமதி இல்லாமல் தேர்தல் நடந்ததால் ஆறாம் லூயி கோபமடைந்து, செய்தி கொண்டுவந்தவர்களைச் சிறையில் வைத்தார். திருத்தந்தையின் பக்கம் நிற்பதா அரசரின் பக்கம் நிற்பதா என்று சுஜேர் தவித்தார். அவர் ஊர் வந்து சேருவதற்குள் அரசரின் கோபம் தணிந்துவிட்டது. இருவரோடும் பகைக்காமல் இருப்பது அதன்பின் அவருடைய வாழ்நாள் பழக்கமாயிற்று.

1124-ல் நடந்த கொடி விவகாரம் என்ன?

சுஜேரின் அரசியலை ஒரே நிகழ்ச்சியில் பார்க்க வேண்டுமானால் இதைப் பாருங்கள்.

ஜெர்மானியப் பேரரசர் ஐந்தாம் ஹென்றி, ரெய்ம்ஸ் நகரைத் தாக்கப் படை திரட்டினார். ஆறாம் லூயி சான்-தெனிக்கு வந்தார். புனிதரின் திருப்பண்டங்கள் (எலும்பு முதலிய எச்சங்கள்) நிலவறையிலிருந்து எடுத்துவரப்பட்டுப் பீடத்தின் மேல் வைக்கப்பட்டன. அரசர் பீடத்திலிருந்து ஒரு கொடியை எடுத்துக்கொண்டு போருக்குப் புறப்பட்டார்.

அது வெக்சேன் என்ற சிறு நாட்டின் கொடி. வெக்சேன் சான்-தெனி மடத்துக்குச் சொந்தம். அதை மடத்திடமிருந்து மானியமாகப் பெற்று அனுபவிக்கும் கோமான், போர்க்காலத்தில் மடத்தின் கொடியைத் தாங்க வேண்டும். அந்தக் கோமான் பட்டம் அப்போது அரசரிடமே இருந்தது. ஆக, சட்டப்படி பார்த்தால் அரசர் மடத்தின் குடிமானியக்காரர். "நான் அரசனாக இல்லாவிட்டால் மடத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டியவன்" என்று லூயி துறவிகள் சபையில் ஒப்புக்கொண்டதாக சுஜேர் எழுதி வைத்தார். வெறும் பக்திச் சடங்கு என்று தோன்றும் ஒன்றை நிலவுரிமை ஆவணமாக்கிவிட்டார்.

வழக்கமாகத் தங்களுக்குள் சண்டையிடும் பிரபுக்களும் இந்த முறை அரசர் பின்னால் திரண்டார்கள். ஹென்றி போரிடாமலே திரும்பினார். நன்றியாக அரசர் தன் தந்தையின் கிரீடத்தை மடத்திடம் ஒப்படைத்தார். தெனியை நாட்டின் காவலராக அறிவித்தார். லாந்தி சந்தையின் மீதான உரிமைகளையும் கொடுத்தார். இந்தச் சந்தை ஜூன் மாதத்தில் பாரிசுக்கும் சான்-தெனிக்கும் இடைப்பட்ட சமவெளியில் கூடும். கிரீடம் பெருமைக்கு, சந்தை வருமானத்துக்கு.

பிற்காலத்தில் இந்தக் கொடியே ஓரிஃப்ளாம் என்ற புகழ்பெற்ற போர்க்கொடியாக அடையாளம் காணப்பட்டது.

எலொவீசைத் துரத்தியவர் இவர்தானா?

ஆம். பாரிசுக்கு அருகில் ஆர்ஜான்தேயில் இருந்த பெண்துறவியர் மடத்தை சுஜேர் பழைய சாசனங்களைக் காட்டி 1129-ல் கைப்பற்றினார். இறையியலாளர் அபெலாரின் மனைவியாக இருந்த எலொவீஸ்தான் அப்போது அங்கே துணைத்தலைவி. சாசனங்களின் நம்பகத்தன்மை குறித்து வரலாற்றாளர்களுக்கு வலுவான சந்தேகம் உண்டு. கன்னியரின் ஒழுக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டையும் சுஜேர் சேர்த்துக்கொண்டார். சொத்தை மீட்க அது வசதியாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். வெளியேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு அபெலார் தன் பாராக்லேத் மடத்தைக் கொடுத்தார்.

அபெலாரும் சில காலம் சான்-தெனித் துறவியாக இருந்தவரே. மடத்துப் புனிதர் ஏதென்சு தியொனீசியுதானா என்று 1121-ல் ஒரு பழைய நூலைக் காட்டிக் கேட்டுவைத்ததால் ஓட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற சுஜேர், வேறு மடத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையோடு அவரைப் போகவிட்டார். சான்-தெனியின் புகழ்பெற்ற துறவி இன்னொரு மடத்துக்குப் பெருமை சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

அக்கித்தேன் எலினோர் திருமணத்தில் அவர் பங்கு?

1137-ல் இளவரசர் லூயி (பின்னாளில் ஏழாம் லூயி) அக்கித்தேன் நாட்டின் வாரிசான எலினோரை மணக்கப் போனபோது, அவரை போர்தோவுக்கு அழைத்துச் சென்ற குழுவில் இருந்தார். ஜூலை 25-ல் திருமணம். ஆகஸ்ட் 1-ல் ஆறாம் லூயி இறந்தார். பின்னாளில் தம்பதியருக்குள் பிளவு முற்றியபோது, ஊர் திரும்பும் வரை மனத்தாங்கலை அடக்கிக்கொள்ளும்படி சுஜேர் அரசருக்குக் கடிதம் எழுதினார். அவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆனபின், 1152 மார்ச்சில் திருமணம் ரத்தானது. அதே ஆண்டு மே மாதம் எலினோர் ஹென்றி பிளான்டாஜெனெட்டை மணந்தார். அக்கித்தேன் எதிர்கால இங்கிலாந்து மன்னரின் கைக்குப் போயிற்று.

நாட்டின் பொறுப்பாளராக அவர் செய்தது என்ன?

ஏழாம் லூயி சிலுவைப்போருக்குப் போவதை சுஜேர் விரும்பவில்லை என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய துறவி கியோம் சொல்கிறார். 1147 பிப்ரவரியில் எத்தாம்ப் நகரில் கூடிய சபை சுஜேரையும் நெவேர் கோமானையும் பொறுப்பாளர்களாகத் தேர்ந்தெடுத்தது. கோமான் கார்த்தூசியத் துறவியாகப் போய்விட்டார். சுஜேரோ திருத்தந்தை மூன்றாம் யூஜின் கட்டளையிடும் வரை ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் நடைமுறை சார்ந்தது: கீழ்ப்படியாதவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கும் ஆயுதம் திருத்தந்தையின் ஆதரவு இருந்தால்தான் வேலை செய்யும். அவரிடம் படை இல்லை. ரெய்ம்ஸ் பேராயர் சாம்சோனும் வெர்மந்துவா கோமான் ராவூலும் உடன் பொறுப்பில் இருந்தார்கள்.

வேலை பெரும்பாலும் பணமும் கடிதமும்தான். வரிகளை வசூலித்தார், கிழக்கே அரசர் வாங்கிய கடன்களுக்கு ஏற்பாடு செய்தார், காலியான ஆயர் பதவிகளுக்கான தேர்தல்களைக் கவனித்தார். பெரிய ஆபத்து 1149-ல் வந்தது. அரசரின் தம்பி ட்ரே கோமான் ரோபேர் முன்கூட்டியே திரும்பி, அதிருப்தி கொண்ட பிரபுக்களைச் சேர்க்கத் தொடங்கினார். சுஜேர் சண்டைக்குப் போகவில்லை. சுவாசோனில் பிரபுக்கள், ஆயர்கள் சபையைக் கூட்டி எல்லாரையும் பகிரங்கமாக அரசர் பக்கம் நிற்க வைத்தார். தனித்துவிடப்பட்ட ரோபேர் அடங்கினார். அரசருக்கோ, உடனே கிளம்பி வாருங்கள் என்று கடுமையான கடிதம் போயிற்று. லூயி அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தார்.

கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

தன் நிர்வாகத்தைப் பற்றி சுஜேர் எழுதிய நூலின் முதல் பாதி முழுக்க நிலக்கணக்கு. கலை வரலாறு படிப்பவர்கள் இதைத் தாண்டிக் கண்ணாடிச் சாளரத்துக்கு ஓடிவிடுகிறார்கள். ஆனால் கட்டடத்தின் அடித்தளம் இந்தப் பக்கங்களில் இருக்கிறது.

அவருடைய முறை இதுதான். முதலில் கைவிட்டுப்போன உரிமைகளைச் சாசனம் தேடி மீட்பது. அடுத்து, இடையில் நின்று உறிஞ்சும் பிரபுக்களையும் கிராம அதிகாரிகளையும் ஒதுக்குவது. பிறகு தரிசுக்குக் குடிகளைக் கொண்டுவருவது. தூரியில் ஆண்டுக்கு 20 லீவர் (அன்றைய பிரெஞ்சுப் பணக் கணக்கு) வந்த இடத்தில் 80 லீவர் வரத் தொடங்கியது. வழிப்பறிக்காரர்கள் பதுங்கும் இடமாக இருந்த வோக்ரெசோனில் புது ஊர் கட்டி, ஆலயம் எழுப்பி, சலுகை கொடுத்து அறுபது குடும்பங்கள் அளவுக்கு அமர்த்தினார். 1125-ல் சான்-தெனி நகரத்தாரை ஒரு பழைய அடிமை வரியிலிருந்து விடுவித்தார். பதிலுக்கு அவர்கள் தந்த 200 லீவர் ஆலய நுழைவாயில் வேலைக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு லீவர் என்பது 20 சூ, அதாவது 240 தெனியே.

கிழக்குப் பகுதிக்கு ஆண்டுக்கு 200 லீவர் என்று நிரந்தர ஒதுக்கீடு செய்தார்: லாந்தி சந்தைக் காலக் காணிக்கையிலிருந்து 100, புனித தெனி திருவிழாக் காணிக்கையிலிருந்து 50, போஸ் சமவெளியில் உள்ள வில்லேன் நிலத்திலிருந்து 50. வருமானம் கூடினால் அதையும் வேலைக்கே சேர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆலயப் பணிகள் பல தலைமுறை இழுத்ததற்கு முக்கியக் காரணம் பணம் விட்டு விட்டு வருவது. கொத்தர்கள் கலைந்து போவார்கள்; சாந்து மழையில் கரையும்; திரும்ப ஆள் சேர்க்க ஒரு பருவம் போய்விடும். இந்த ஒதுக்கீடு அதைத் தடுத்தது. கிழக்குப் பகுதி மூன்று ஆண்டு மூன்று மாதத்தில் முடிந்தது என்று அவர் பெருமைப்படுவது வீண் ஜம்பம் இல்லை.

பழைய ஆலயத்தில் என்ன குறை?

இடம் போதவில்லை. 775-ல் சார்லமேனின் முன்னிலையில் அர்ச்சிக்கப்பட்ட ஆலயம் அது. திருவிழா நாளில் உள்ளே போனவர் வெளியே வர முடியாது. நெரிசலில் பெண்கள் ஆண்களின் தலைமேல் ஏறிப் பீடத்துக்குப் போனார்கள். திருப்பண்டத்தைக் காட்டிக்கொண்டிருந்த துறவிகள் அதைத் தூக்கிக்கொண்டு சன்னல் வழியாகத் தப்பினார்கள் என்று சுஜேர் எழுதுகிறார். கொஞ்சம் மிகைப்படுத்தியிருப்பார். இடிப்பதற்குக் காரணம் காட்ட வேண்டிய நிலையில் அவர் இருந்தார், ஏனென்றால் அந்தச் சுவர்களைக் கிறிஸ்துவே நேரில் வந்து அர்ச்சித்ததாக மக்கள் நம்பினார்கள். அந்தக் கற்களைத் திருப்பண்டம்போல் பாதுகாத்ததாக அவர் உறுதி கூறுவதும் அதனால்தான்.

ஏன் இரு முனைகளை மட்டும் கட்டினார்?

வழிபாடு நிற்காமல் இருப்பதற்கு. முதலில் மேற்கே, பழைய வாயிலுக்கு முன்னால் புதிய முகப்பு: மூன்று வாயில்கள், இரட்டைக் கோபுரத்துக்கான திட்டம், நடுவில் வட்ட ரோஜாச் சாளரம், உச்சியில் கோட்டைபோல் கொத்தளம். இதற்காக, சார்லமேனின் தந்தை பெப்பேன் குப்புறப் படுத்த நிலையில் அடக்கம் செய்யப்பட்டிருந்த இடத்தின் மேல் நின்ற பழைய முன்மண்டபம் இடிக்கப்பட்டது. 1140 ஜூன் 9-ல் ருவான் பேராயர் ஹ்யூகு அதை அர்ச்சித்தார். கோபுரங்கள் முடியவில்லை; சுஜேர் அவற்றை அப்படியே விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பினார்.

ஜூலை 14-ல் கிழக்குக்கு அடிக்கல். முந்தைய மாத அர்ச்சிப்பின் தீர்த்தத்தில் சாந்து குழைத்தார்கள். அரசர் குழிக்குள் இறங்கித் தன் கையால் ஒரு கல் வைத்தார். சிலர் மோதிரக் கற்களைப் போட்டார்கள். 1144 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, முழு அர்ச்சிப்பு. இருபது பீடங்களைப் பேராயர்களும் ஆயர்களும் பகிர்ந்துகொண்டு ஒரே நேரத்தில் அர்ச்சித்தார்கள். கேன்டர்பரிப் பேராயரும் வந்திருந்தார். அரசர் தெனியின் வெள்ளிப் பேழையைத் தானே சுமந்தார். விருந்துக்கு ஆட்டிறைச்சிதான் தட்டுப்பாடு. அந்த ஆண்டு கால்நடை நோய். எதிர்பாராமல் ஒரு மந்தை வந்து சேர்ந்ததையும் சுஜேர் அற்புதக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

நடுக்கூடம் பழையதாகவே இருந்தது. அதையும் புதுப்பிக்கத் தொடங்கினார், முடிக்கவில்லை.

கிழக்குப் பகுதியின் கட்டுமானத்தில் புதுமை எது?

பீடத்தைச் சுற்றி அரைவட்டமாக நடைபாதை, அதிலிருந்து வெளியே பிதுங்கும் சிற்றாலயங்கள் என்ற அமைப்பு கோதிக்குக்கு முந்தைய ரோமனெஸ்க் பாணி ஆலயங்களிலேயே உண்டு. அங்கே ஒவ்வொரு சிற்றாலயமும் தடித்த சுவருக்குள் தனி அறை. வெளிச்சம் நடைபாதைக்கு வந்து சேராது.

அரைவட்டத்தில் கூரை போடுவதில் ஒரு வடிவியல் சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் உட்புறம் குறுகி, வெளிப்புறம் விரிந்திருக்கும். வட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதி; மாற்ற முடியாது. ஆகவே பக்க வளைவுகளின் உச்சிகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கும், கூரை கோணலாகும். கூர்வளைவில் இந்தக் கட்டாயம் இல்லை. குறுகிய இடத்தில் கூர்மையாகவும் அகன்ற இடத்தில் தட்டையாகவும் வைத்து எல்லா உச்சியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

அடுத்தது விலா வளைவு. மரச்சட்டத்தின் மேல் கல் விலாக்களை முதலில் கட்டிப் பூட்டுக்கல் வைத்து இறுக்கிவிட்டு, இடைவெளியை மெல்லிய கற்களால் மூடுவார்கள். கூரையின் சுமை விலாக்களின் காலடியில் குவிகிறது. குவியும் இடத்தில் மட்டும் முட்டுச்சுவர் இருந்தால் போதும். இடைப்பட்ட சுவரை எடுத்துவிட்டுச் சாளரம் வைக்கலாம்.

சான்-தெனியின் சாமர்த்தியம் இவற்றைச் சேர்த்த விதத்தில் இருக்கிறது. நடைபாதை இரட்டை. ஏழு சிற்றாலயங்களின் ஆழத்தைக் குறைத்து, அவற்றுக்கு நடுவே இருந்திருக்க வேண்டிய சுவர்களை வெட்டிவிட்டு, வெளி நடைபாதைக் கட்டத்தையும் சிற்றாலயத்தையும் ஐந்து விலாக்கள் கொண்ட ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். சிற்றாலயத்துக்கு இரண்டு பெரிய சாளரம். இரு நடைபாதைகளையும் பிரிப்பது மெல்லிய ஒற்றைக்கல் தூண்கள் மட்டும். அதனால் வெளிச்சுவரின் வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே வருகிறது. தூண் எண்ணிக்கையை பன்னிரண்டு அப்போஸ்தலர், பன்னிரண்டு இறைவாக்கினர் என்று சுஜேர் விளக்குகிறார்.

கீழே இறங்கினால் நிலவறையில் இதே திட்டம் தடித்த சுவரும் வட்ட வளைவுமாக இருப்பதைக் காணலாம். அதே ஆட்கள், அதே ஆண்டுகள். மேலே எடை குறைந்ததற்குக் காரணம் கீழே உள்ள இந்தத் திண்மைதான். ஒன்பதாம் நூற்றாண்டின் பழைய நிலவறையை இடிக்காமல் அதைச் சுற்றியே புதியதைக் கட்டினார்கள். புதிய பகுதியின் மையக்கோடு பழைய ஆலயத்தோடு பொருந்தும்படி வடிவியல் கருவிகளால் அளந்ததாகவும் சுஜேர் குறிப்பிடுகிறார்.

கல்லும் மரமும் கிடைப்பதில் என்ன பிரச்சினை?

தூண்களுக்கு ரோமில் உள்ள டயோக்ளேஷியன் குளியல் மண்டபத்திலிருந்து கல் கொண்டுவரலாமா என்றே யோசித்தார்: மத்தியதரைக்கடல், ஆங்கிலக் கால்வாய், அங்கிருந்து செய்ன் நதி என்று சுற்றுவழி. நல்லவேளையாகப் பக்கத்தில் பொன்துவாசில் குவாரி அமைந்தது. ஆழத்திலிருந்து தூண்கல்லைக் கயிறு கட்டி இழுக்க வழக்கமாக நூறு, நூற்று நாற்பது பேர் வேண்டும். ஒரு மழை நாளில் ஆட்கள் கலைந்துவிட, மாட்டுக்காரர்கள் அவசரப்படுத்த, பதினேழு பேர் மட்டும் சேர்ந்து இழுத்தே வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்கிறார்.

மேற்குப் பகுதிக்கு உத்திரம் கிடைக்கவில்லை. தச்சர்கள் இந்தப் பக்கத்தில் அவ்வளவு நீள மரமே இல்லை, ஓசேர் பக்கமிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். ஈவ்லீன் காட்டின் உயர்ந்த மரங்களை ஷெவ்ரூஸ் பிரபு போர்க் காலத்தில் மூன்றடுக்கு அரண்களுக்கு வெட்டித் தீர்த்திருந்தார். தூக்கம் வராமல் கிடந்த சுஜேர், விடிந்ததும் அளவுகளை எடுத்துக்கொண்டு தச்சர்களோடு தானே காட்டுக்குப் போனார். வனக்காவலர்கள் சிரித்தார்கள். பிற்பகலுக்குள் புதர்களுக்கு நடுவே பன்னிரண்டு மரங்கள் கிடைத்தன. தேவைப்பட்டதும் சரியாகப் பன்னிரண்டு.

கட்டும்போது ஆபத்து ஏதும் ஏற்பட்டதா?

ஜனவரி 19, தகோபேரின் நினைவுநாள். ஷார்த்ர் ஆயர் ஜோஃப்ருவா திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது புயல் அடித்தது. மேலே விலா வளைவுகள் தனித்தனியே நின்றன. இடைவெளிகள் இன்னும் மூடப்படவில்லை. தாங்குவதற்கு முட்டும் இல்லை. காற்றில் அவை ஆடின. ஆயர் புனித சிமியோனின் கை எலும்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். ஊரில் உறுதியான கட்டடங்கள் பல விழுந்தும், இன்னும் இறுகாத இந்த வளைவுகள் விழவில்லை.

அற்புதம் இருக்கட்டும். கட்டுமான வரிசைக்கு இது அரிய சாட்சி: விலா முதலில், மூடுகல் பின்னர். சுண்ணாம்புச் சாந்து இறுக மாதங்கள் ஆகும். அதற்கு முன் மரச்சட்டத்தை எடுத்தால் வளைவின் கால்கள் வெளியே தள்ளப்படும். பக்கவாட்டுப் பிடிப்பைத் தரும் மூடுகல்லும் இல்லாத இந்த இடைக்காலம்தான் கோதிக் கூரைக்கு மிக ஆபத்தான நேரம்.

வண்ணக் கண்ணாடியில் என்ன இருந்தது?

ஈசாயின் வம்சமரம், மோசேயின் வரலாறு, கிறிஸ்துவின் குழந்தைப்பருவம், பழைய ஏற்பாட்டையும் புதியதையும் இணைக்கும் உவமைப் படங்கள். வேலை செய்தவர்கள் பல நாட்டுக் கலைஞர்கள். ஆழ்ந்த நீலத்தை சுஜேர் நீலக்கல் என்றே குறிப்பிடுகிறார். குழந்தைப்பருவச் சாளரத்தில் மரியாவின் காலடியில் விழுந்து கிடக்கும் ஒரு சிறு துறவி உருவமும், பக்கத்தில் அவர் பெயரும் உண்டு.

கண்ணாடியை வைத்ததோடு அவர் விட்டுவிடவில்லை. ஈயப்பட்டை தளரும், கண்ணாடி விரிசல் விடும் என்பதால் பழுதுபார்க்க ஒரு கைவினைஞரையும், பொன் வேலைகளுக்கு ஒரு பொற்கொல்லரையும் நிரந்தர மானியத்தோடு நியமித்தார். இந்த ஏற்பாடு எனக்கு அவருடைய கவிதை வரிகளைவிட மதிப்புள்ளதாகப் படுகிறது.

ஒளியின் இறையியல்தான் கோதிக்கைப் பிறப்பித்ததா?

இருபதாம் நூற்றாண்டு நடுவில் இந்த விளக்கம் பெரும் செல்வாக்குப் பெற்றது: தியொனீசியுவின் நூல்களைப் படித்த சுஜேர், ஒளி வழியாக இறைவனை அடையும் கருத்தைக் கல்லில் வடித்தார் என்று. வாயிற்கதவின் கல்வெட்டு வரிகளில் பொருள் ஒளியிலிருந்து மெய்யொளிக்கு மனம் ஏறுவது பற்றி உண்மையிலேயே பாடியிருக்கிறார். ஆனால் அந்த நூல்களை அவர் ஆழ்ந்து கற்றதற்கு அவருடைய எழுத்தில் சான்று மெலிதாகவே இருக்கிறது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எங்கள் மதிப்பீட்டில், ஒளி பற்றிய பேச்சு கட்டடத்துக்குப் பொருள் கொடுத்தது. வடிவம் கொடுத்தது பெயர் தெரியாத தலைமைக் கொத்தர்தான். சுஜேர் அவர் பெயரை எங்குமே எழுதவில்லை. தன் பெயரை மட்டும் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்பப் பொறித்தார்.

ஆடம்பரத்தைப் பெர்னார்ட் எதிர்க்கவில்லையா?

கிளேர்வோ மடாதிபதி பெர்னார்ட், ஆலயங்களில் பொன்னும் சிற்பமும் நிறைவதை 1125 வாக்கில் கடுமையாகத் தாக்கினார். 1127-ல் சுஜேர் தன் மடத்தின் ஒழுங்கைச் சீர்திருத்தியபோது பாராட்டியும் எழுதினார். அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் சீண்டவில்லை. சுஜேரின் பெரிய சிலுவையில் மட்டும் 80 மார்க் பொன். மார்க்குக்கு 245 கிராம் என்று கொண்டால் ஏறத்தாழ 19.6 கிலோ. பதிக்க ரத்தினம் போதாமல் இருந்தபோது, எளிமையைப் போதித்த, பெர்னார்டின் சபையான சிஸ்டெர்சிய மடங்களே தங்களுக்குக் கொடையாக வந்த கற்களை விற்க வந்தன. 400 லீவருக்கு வாங்கிக்கொண்டார். சொந்த அறையோ பத்தடிக்குப் பதினைந்தடிதான். க்ளூனி மடாதிபதி பீட்டர் அதைப் பார்த்துவிட்டு, இந்த மனிதர் நம் எல்லாரையும் வெட்கப்பட வைக்கிறார் என்றாராம்.

அப்படியானால் கோதிக்கைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லலாமா?

வேண்டாம். விலாக் கூரை இங்கிலாந்தின் டர்ஹமில் 1093-ல் தொடங்கிய ஆலயத்திலேயே இருக்கிறது. கூர்வளைவு பர்கண்டியில் இருந்தது. சான்ஸ் பேராலயமும் 1140 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. சான்-தெனியில் இவை ஒன்றுகூடின. அதைப் பார்க்க 1144-ல் இத்தனை ஆயர்கள் ஒரே நாளில் வந்தார்கள். அவர்கள் ஊர்களில் பின்னர் எழுந்த கட்டடங்களைப் பார்த்தால் அழைப்பிதழ்ப் பட்டியலின் பயன் புரியும். நுவையோன், சான்லிஸ், 1163-ல் தொடங்கிய பாரிஸ் நோத்ர்-தாம் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இன்று போனால் எதைப் பார்க்கலாம்?

பாரிஸ் மெட்ரோவின் 13-ஆம் தடத்தில் ஆலயத்தின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. லா ஷப்பெல் பக்கம் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ து ஃபோபூர் சான்-தெனி, பழைய நாளில் பாரிசிலிருந்து இந்த மடத்துக்குப் போன சாலைதான் என்பதைப் போகிற வழியில் நினைத்துக்கொள்ளலாம்.

சுஜேருடையது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மேற்கு முகப்பும் அதன் உள்மண்டபமும், கிழக்கே நிலவறையும், இரட்டை நடைபாதையும் சிற்றாலயங்களும் அவருடையவை. நடுக்கூடமும் பீடத்துக்கு மேலுள்ள உயர்ந்த சாளரப் பகுதியும் 1231-ல் தொடங்கிய மறுகட்டுமானம். அப்போது உள்வட்டத் தூண்களையும் கனமானவையாக மாற்றினார்கள். அந்த உயர்ந்த மெல்லிய கூடத்தைப் பார்த்து "இதுதான் சுஜேரின் கோதிக்" என்று படம் எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கண்ணாடியில் பழைய துண்டுகளும் 19-ஆம் நூற்றாண்டுத் துண்டுகளும் கலந்திருக்கின்றன. நடைபாதை கிழக்கு நோக்கியிருப்பதால் காலையில் போங்கள்.

வாயில்களின் தூண்சிலைகள் 1771-ல் அகற்றப்பட்டன. சில தலைகள் அருங்காட்சியகங்களில் உள்ளன. வெண்கலக் கதவுகள் புரட்சியில் உருக்கப்பட்டன. சுஜேரின் பொருள்களில் கழுகு வடிவப் போர்ஃபிரிக் கல் குடுவையும் எலினோரின் படிகக் குடுவையும் லூவ்ர் அருங்காட்சியகத்தில். சுஜேரின் கிண்ணம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில்.

முகப்பில் ஒரு கோபுரம் மட்டும் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். வடக்குக் கோபுரத்தை 1837-ல் மின்னல் தாக்கியது. தெப்ரே என்ற கட்டடக் கலைஞர் கனமான கல்லில் திரும்பக் கட்டினார். கீழிருந்த பழைய சுவர் அந்தப் பாரத்தில் விரிசல் விட்டது. 1846-ல் கோபுரத்தைக் கல் கல்லாக இறக்க வேண்டியதாயிற்று. பொறுப்பு இன்னொரு கட்டடக் கலைஞரான வியொலே-லெ-துக்கின் கைக்கு மாறியது.